கழுத்தில்லாத ஆறு வாத்துகள்

என் மனைவியின் நாற்பது வாத்துகளும் ஏரிக்குள் போய் உட்கார்ந்துகொண்டதற்கு நான்தான் காரணம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாய் துரத்தியது, யாரோ பட்டாசு கொளுத்திப் போட்டார்கள் என்றெல்லாம் ஊரில் கதைகள் உண்டு. அவை நானே கிளப்பிவிட்டவை.

நான் மரச்சிற்பி. வடக்கனந்தலைத் தாண்டி, கல்வராயன் மலை கண்ணெதிரே நிற்கிற ஒரு கிராமத்தில் வீட்டோடு சேர்ந்த பட்டறை. சாமி சிலை, கோயில் வாகனம், வாசக்கால் எல்லாம் செய்வேன். பட்டறைக்குப் பின்னால் ஒரு கொட்டகை. அதில் மூன்று வருஷமாக என் மனைவி வாத்து வளர்க்கிறாள். காலையில் அவை போடும் கூச்சலில் எரிச்சலோடு எழுந்திருப்பதைத் தவிர அந்தக் கொட்டகைக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

ஒரு திங்கட்கிழமை, குதிரை வாகனத்துக்காக இலுப்பை மரம் வந்து இறங்கியது. வாசலில் மணல் கொட்டியிருந்ததால் கொட்டகை வழியாக இழுத்து வந்தோம். ஆட்கள் போனார்கள். நான் மரத்தைத் தட்டிப் பார்த்தேன், மோந்து பார்த்தேன், குறி போட்டேன், உளியை எடுத்தேன். கொட்டகையின் மூங்கில் படலைத் திரும்பச் சாத்த வேண்டும் என்ற ஒன்று மட்டும் என் மண்டையில் ஏறவில்லை. ரிஷிவந்தியம் பக்கத்தில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குக் காதுகுத்துக்குப் போயிருந்த மனைவி சாயங்காலம் வந்தாள். நேராகப் பின்பக்கம் போனாள். திரும்பி வந்து பட்டறை வாசலில் நின்றாள்.

"வாத்துங்க எங்க?"

"கொட்டகைல."

"கொட்டகைல வெறும் எறகுதான் கெடக்குது."

நான் குதிரையின் பிடரியில் இருந்து கண்ணை எடுக்காமல், "அப்போ மேயப் போயிருக்கும்" என்றேன். சும்மா இருந்திருக்கலாம். வாய்தான் எனக்கு முதல் எதிரி.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தி, இரண்டு பேரும் சோறு சாப்பிட்டுப் படுத்திருப்போம். கீழே வைத்த பையை அப்படியே எடுத்துக்கொண்டாள். "தொறந்து வுட்டது நீங்க. நீங்களே புடிச்சிக்கினு வாங்க. நாப்பதும் கொட்டகைல அடைஞ்ச பொறவு போன் பண்ணுங்க, நான் வரேன்" என்றாள்.

"முப்பத்தொம்போது வந்தா?"

"வர மாட்டேன்."

அடுத்த பஸ்ஸிலேயே திரும்ப அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். எட்டு வருஷக் கல்யாணத்தில் அவள் இப்படிப் போனது அதுதான் முதல் தடவை. எனக்குக் கோபம்தான் வந்தது. வாத்துக்காக ஒரு மனுஷனை விட்டுவிட்டுப் போவாளா ஒருத்தி? இரவு சட்டியை வழித்துச் சாப்பிடும்போதுதான் கோபம் போய் பயம் வந்தது. அவள் சொன்னால் சொன்னதுதான்.

மறுநாள் ஏரிக்குப் போனேன். அந்த வருஷ மழைக்கு ஏரி கரை தொட்டு நின்றது. நடுவில் அவை, நாற்பதும், மேலும் கீழும் ஆடிக்கொண்டு மிதந்தன. நான் கரையில் நின்று கூப்பிட்டேன். வாத்தை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாததால் முதலில் கோழியைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டேன், பிறகு மாட்டை, கடைசியில் மனுஷனை. ஒரு வாத்து தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் தூரம் போய் உட்கார்ந்தது. மூன்று வருஷம் என் கூரைக்குக் கீழே வளர்ந்ததுகள், என்னை யாரென்றே தெரியாததுபோல் நடந்துகொண்டன.

ஏரியில் மீன் குத்தகை எடுத்தவர் தெர்மாகோல் தெப்பத்தைக் கழியால் தள்ளிக்கொண்டு வந்தார். "மீன் குஞ்சு வுட்டு ஒரு மாசங்கூட ஆவல. உன் வாத்துங்க வாரி வாரித் துண்ணுதுங்க. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அப்பறம் நானே வலை போட்டுப் புடிப்பேன், வந்த வாத்தெல்லாம் கொழம்புதான்" என்றார். நாற்பது வாத்துக் குழம்பு வைத்தால் என் குடும்பம் அதோடு சரி என்று அவரிடம் சொன்னேன். "அது உன் பிரச்சன" என்றார்.

அன்று மத்தியானம் மச்சான் வந்தான். என் மனைவியின் தம்பி. ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். அக்கா அனுப்பி வந்தானா, வேடிக்கை பார்க்க வந்தானா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. அவன் கைபேசியில் ஒரு வீடியோ காட்டினான். ஏதோ குளிர்தேசத்தில் ஒரு வெள்ளைக்காரர் உடம்பெல்லாம் புல்லைச் சுற்றிக்கொண்டு, மரத்தில் செதுக்கிய வாத்துகளைக் குளத்தில் மிதக்கவிட்டுப் பதுங்கியிருக்கிறார். மேலே போகிற வாத்துகள் கூட்டாளிகள் இருக்கிறார்கள் என்று நம்பி இறங்குகின்றன. அவர் சுடுகிறார்.

"நாம சுட வேணாம் மாமா. எறங்கி வந்தா போதும். மரத்துல நீங்க செய்யாததா?"

அந்தக் கடைசி வார்த்தை எனக்குப் போதுமாக இருந்தது. இலுப்பைத் துண்டு ஒன்றை எடுத்து உட்கார்ந்தேன். பொழுது சாய்வதற்குள் முடித்தேன். நான் இதுவரை செய்த தண்ணீர்ப் பறவை ஒன்றே ஒன்றுதான், அம்மன் ஏறுகிற அன்ன வாகனம். கை தானாகவே அந்த வழியில் போனது. வளைந்து எழும் கழுத்து, கொண்டை, அலகில் ஒரு கொத்துப் பூ, வாலில் கொடி வேலைப்பாடு. திருப்பி அடியைப் பார்த்தால் தாமரைப் பீடமும் செதுக்கியிருந்தேன். எப்போது செதுக்கினேன் என்று சத்தியமாக நினைவில்லை.

மச்சான் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "அருமையா இருக்குது மாமா. ஆனா இது வாத்தா?"

"வாத்துக்கே இதைப் பார்த்தா ஆசை வரும்டா" என்றேன்.

புதன்கிழமை காலையில் தண்ணீரில் விட்டோம். இலுப்பை கனம். அன்னம் கழுத்துவரை உள்ளே போய், தலையும் கொண்டையும் பூங்கொத்தும் மட்டும் வெளியே தெரிய நின்றது. கரையில் நூறு நாள் வேலை செய்துகொண்டிருந்த இரண்டு பெண்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். வாத்துகள் அதை ஒரு நிமிஷம் பார்த்தன. பிறகு நாற்பதும் ஒன்றாகக் கழுத்தை நீட்டி, ஒன்றாகக் கத்தி, எதிர்க்கரைக்கே போய்விட்டன.

மச்சான் அங்கேயே உட்கார்ந்து அக்காவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். அவள் என்னோடு பேசுவதில்லை என்று வைத்திருந்தாள். என் காதில் தெளிவாக விழும்படி அவனோடு பேசினாள்.

"அந்த ஆளு இன்னா செஞ்சாரு?"

"இன்னா செஞ்சீங்கன்னு கேக்குது மாமா."

"எனக்கு காது இருக்குடா. அன்னம் மாதிரி ஒண்ணு செஞ்சேன்னு சொல்லு."

"கழுத்து எப்படி இருக்குதுன்னு கேளு."

"நல்லா நிமிர்ந்து, வளைஞ்சு..." என்று நானே பெருமையாகச் சொன்னேன்.

"வாத்து பயந்தாதான் கழுத்தை நீட்டும்னு சொல்லுடா. நாயி வந்துச்சின்னா, பாம்பு வந்துச்சின்னா நீட்டும். வயிறு நெறைஞ்சு நிம்மதியா இருந்தா கழுத்தே தெரியாது, உடம்புக்குள்ள இழுத்துக்கும். இவரு ஏரி நடுவுல ஓடு ஓடுன்னு போர்டு எழுதி வெச்சிருக்காரு" என்றாள்.

மச்சான், "சரி, நீ ஒரு வாட்டி வாத்தைக் கூப்புடுக்கா, போன்ல பதிஞ்சிக்கறேன், அதைப் போட்டாலே வந்துடும்" என்றான்.

"என் கொரலும் அவருக்கு வேணுமாமா?" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மிதக்கிற மரம் வேண்டும். கல்யாண முருங்கை எடை இல்லாத மரம், சிற்ப வேலைக்கு ஆகாது என்று நாங்கள் தொடவே மாட்டோம். மலையில் வெள்ளிமலைப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒருவர் மிளகுக்கொடி ஏற்ற அதை வளர்க்கிறார். மத்தியானமே பஸ் ஏறிப் போய், காற்றில் சாய்ந்து கிடந்த மரத்தில் ஆறு துண்டு அறுத்துச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தேன். எதற்கு என்று அவர் கேட்டார். வாத்துக்கு என்றேன். வாத்து மரம் தின்னுமா என்றார். விளக்கிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை, ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வியாழன் முழுக்கச் செதுக்கினேன். கழுத்தில்லாத வாத்துகள் ஆறு. என் அப்பா, அவர் அப்பா, யாரும் கழுத்தில்லாத ஒன்றைச் செய்து தெருவில் வைத்ததில்லை. உளி கழுத்துப் பக்கம் போகும்போதெல்லாம் எழுந்து போய் ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். தண்ணீரில் விட்டால் ஆறும் குப்புறக் கவிழ்ந்து வயிற்றைக் காட்டின. மறுபடியும் போன். "அடி அகலமா இருக்கணும்னு சொல்லு. சேவல் நிக்கிற மாதிரி குறுக்கினா கவிழாம இன்னா பண்ணும்? அப்பறம் பெட்டைக்கு வால்ல சுருள் எறகு கெடையாது. ஆண் வாத்துக்குத்தான் உண்டு. ஆறுக்கும் சுருள் வெச்சிருப்பாரு, வேலைப்பாடு இல்லாம அவருக்குக் கை நிக்காதே." ஆறுக்கும் வைத்திருந்தேன். ஐந்தின் வாலைச் சீவினேன். அடியில் ஆளுக்கு ஒரு மாட்டு லாடம் அறைந்தேன். வெள்ளிக்கிழமை காலை ஆறும் ஒழுங்காக உட்கார்ந்து ஆடின.

கரைக் கோடியில் ஆழம் குறைவு. அங்கே ஆறையும் ஒரே நைலான் கயிற்றில் கோத்து மிதக்கவிட்டு, தவிடும் நெல்லும் தூவிவிட்டு, நான் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து தலையில் ஆகாயத்தாமரையைக் கவிழ்த்துக்கொண்டேன். வெள்ளைக்காரர் அப்படித்தான் செய்தார். மச்சான் கரையில் வலையோடு படுத்திருந்தான். ஒரு மணி நேரம் ஒன்றும் இல்லை. அட்டை ஒன்று தொடையில் ஏறியது, அசையாமல் இருந்தேன். திடீரென்று மேலே விசில் அடிப்பதுபோல் சத்தம். வானத்தில் இருந்து ஒரு கூட்டம் சரிந்து வந்து என் வாத்துகளுக்கு நடுவில் தொப்பு தொப்பென்று இறங்கியது.

சிறகிகள், காட்டு வாத்துகள். இருபது, இருபத்தைந்து இருக்கும். அவை என் மர வாத்துகளோடு உரசி உட்கார்ந்துகொண்டு, என் மனைவியின் வாத்துகளுக்காக நான் தூவிய நெல்லைத் தின்றன. அந்த வெள்ளைக்காரர் என் இடத்தில் இருந்திருந்தால் ஆனந்தத்தில் அழுதிருப்பார். எனக்கும் ஒரு நொடி மார்பு விம்மியது, பொய் சொல்ல மாட்டேன். வானத்தில் பறக்கிற ஒன்று என் வேலையை நம்பி இறங்கியிருக்கிறது. அடுத்த நொடி, இதுகளைத் தொட்டால் ஜெயில் என்பது நினைவுக்கு வந்தது. எழுந்து நின்று, தலையில் ஆகாயத்தாமரையோடு, இரண்டு கையையும் வீசி, "போங்க! ஏய், போங்கடீ!" என்று கத்தினேன். அவை எழும்பின. கரைமேல் ஒரு பைக் நின்றிருந்தது. வனத்துறைக்காரர்.

"யோவ், இன்னாயா பண்ற? சிறகி புடிக்கிறியா?"

"தொரத்துறேங்க."

"தொரத்துறதுக்கு எதுக்குயா மர வாத்து வெச்சிருக்க?"

நியாயமான கேள்வி. நான் தண்ணீரில் நின்றபடியே மனைவி போனதில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பைக்கை அணைத்துவிட்டு முழுசாகக் கேட்டார். கேட்டு முடித்து, மர வாத்து ஒன்றைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்குது. ஆனா கண்ணு இல்லியே" என்றார்.

உண்மைதான். எங்கள் வேலையில் கண் கடைசி. சிலை முழுசும் முடிந்து, நல்ல நாள் பார்த்து, நல்ல நேரம் குறித்து, விரதம் இருந்துதான் கண் திறப்போம். ஆறு வாத்துக்கும் நான் கண் வைக்கவே இல்லை. அது ஒரு குறையாகவே எனக்குத் தெரியவில்லை. கையோடு மச்சான் அக்காவுக்குச் சொன்னான். "நல்ல நேரமா? வாத்துக்கா?" என்று கேட்டவள் சிரித்துவிட்டாள். ஐந்து நாளில் முதல் தடவை. எனக்கு அந்த ஈரத்துணியிலேயே ஓடிப்போய் பஸ் ஏறிவிடலாம் போல இருந்தது.

"கண்ணு மூஞ்சிக்கு முன்னாடி வராது, பக்கவாட்டுல மேல தள்ளி இருக்கும்னு சொல்லு. அப்பறம் நாப்பதையும் இட்டுக்கினு போறது ஒண்ணு இருக்குது, முன்னாடிக்காரின்னு கூப்புடுவேன். அது எது பண்ணுதோ அதைத்தான் மத்தது பண்ணும். அது மாதிரி ஒண்ணு செய்யச் சொல்லு. எப்படி இருக்கும்னு நான் சொல்ல மாட்டேன். போயிப் பார்க்கட்டும்."

அன்று மத்தியானம் முழுக்க குத்தகைக்காரரின் தெப்பத்தில் படுத்து வாத்துகளைப் பார்த்தேன். முதலில் நாற்பதும் ஒன்றுபோலத்தான் இருந்தன. பொழுது இறங்க இறங்கப் பிரிந்து தெரிந்தன. ஒன்று எப்போதும் கடைசியில் வந்தது. ஒன்று அடுத்ததன் முதுகில் அலகைத் தேய்த்தது. முன்னாடிக்காரியைக் கண்டுபிடித்துவிட்டேன். அலகின் நுனியில் இடதுபக்கம் கருப்பு மச்சம், வலது இறக்கை மூடாமல் கொஞ்சம் தொங்கும், திரும்புவதற்கு முன்னால் தலையை இரண்டு தடவை ஆட்டும். ஒரு வாத்தின் வலக்கண்ணுக்கு மேலே இத்தனூண்டு பள்ளம் உண்டு என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் பஞ்சாங்கத்தைத் தொடாமல் ஆறுக்கும் கண் திறந்தேன். சுருள் வால் இல்லாத ஐந்தில் ஒன்றை முன்னாடிக்காரியாக மாற்றினேன்.

சனிக்கிழமை அவை வந்தன. தண்ணீரில் சத்தமே இல்லாமல் வந்து ஆறையும் சுற்றிக்கொண்டு, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, தின்ன ஆரம்பித்தன. மச்சான் வலையைத் தூக்கினான். நான் வேண்டாம் என்று கை காட்டிவிட்டு கயிற்றை மெல்ல இழுத்தேன். மர வாத்துகள் கரைப்பக்கம் நகர்ந்தன. நாற்பதும் பின்னால் நகர்ந்தன. நான் கரை ஏறினேன், மர வாத்துகள் ஏறின, அவையும் ஏறின. நிறுத்தினால் கெட்டுவிடும் என்று பயந்து இழுத்துக்கொண்டே நடந்தேன். சிமெண்ட் ரோட்டில் ஆறு லாடமும் கடகடவென்று இழுபட, பின்னால் நாற்பது வாத்துகள் வரிசையாக வர, சொட்டச் சொட்ட நனைந்த நான் முன்னால் போக, தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. "இன்னாப்பா, சாமி ஊர்வலமா?" என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார். நான் திரும்பவில்லை.

கொட்டகையில் அடைத்து, மூன்று தடவை எண்ணினேன். நாற்பது. உடனே போன் போட்டேன். இந்தத் தடவை மச்சான் நடுவில் இல்லை. அவளே எடுத்தாள்.

"நாப்பதும் வந்துடுச்சு."

"முன்னாடிக்காரி?"

நான் அலகு மச்சத்தைச் சொன்னேன், தொங்கும் இறக்கையைச் சொன்னேன், தலையை ஆட்டுவதைச் சொன்னேன், கண்ணுக்கு மேல் பள்ளத்தையும் விடவில்லை. அவள் உம் கொட்டிக்கொண்டே கேட்டாள். எனக்கு ஒரே குஷி.

"சரி, என் மூக்குத்தி எந்தப் பக்கம்?" என்றாள்.

இதெல்லாம் ஒரு கேள்வியா? எத்தனை அம்மனுக்கு மூக்குத்தி வைத்த கை இது. "இடது பக்கம்" என்றேன்.

"நான் மூக்கே குத்திக்கலங்க" என்றாள். கோபமே இல்லாமல், விலாசம் சொல்வதுபோல் சொன்னாள். பிறகு, "வாத்து வந்தா வரேன்னு சொன்னேன், வாஸ்தவம். ஆனா வாத்துக்கு ஒரு வாரம் குடுத்தீங்க இல்ல. எனக்கும் ஒரு வாரம் குடுங்க. தெனம் வந்துட்டுப் போங்க" என்று வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமையில் இருந்து தினமும் வாத்துகளுக்குத் தீனி வைத்துவிட்டு, இரண்டு பஸ் மாறிப் போய், மாமியார் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து என் மனைவியைப் பார்த்தேன். கேட்டால் சிரிப்பீர்கள். மாமியாரும் சிரித்தார். மச்சான் சவாரியை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான். அவள் பாட்டுக்கு அரிசி புடைத்தாள், காய் நறுக்கினாள், நடுவில் "இன்னாத்த பார்த்தீங்க?" என்று கேட்டாள். முதல் நாள் ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. இரண்டாம் நாள், நறுக்கும்போது நாக்கைக் கடித்துக்கொள்கிறாள் என்றேன். மூன்றாம் நாள், காதோரம் நான்கு நரை என்றேன். "அஞ்சு" என்றாள்.

ஐந்தாம் நாள் சோறு போடக் குனிந்தபோது பார்த்தேன். இடது புருவத்தின் நடுவில் முடி முளைக்காத ஒரு கோடு. பழைய தழும்பு. கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில், "இது இன்னாது? சின்ன வயசுல வுழுந்தியா?" என்று சத்தமாகக் கேட்டேன்.

மாமியார் சிரிப்பதை நிறுத்தினார். மச்சான் தலையைக் குனிந்துகொண்டான்.

"கல்யாணம் ஆயி பத்தாம் நாளு, உங்களுக்கு டீ எடுத்துக்கினு பட்டறைக்குள்ள வந்தேன். மரச்சில்லு தெறிச்சுது. மூணு தையல்" என்றாள். "நீங்கதான் வண்டில வெச்சு ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனீங்க."

எனக்கு ஒன்றும் நினைவில்லை. எவ்வளவு தேடியும் இல்லை. அந்த மாதம் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்டால் சொல்லிவிடுவேன், ஒரு ரிஷப வாகனம், வாகை மரம், கொம்பில் ஒரு விரிசல் விழுந்து மறுபடி செய்தேன். இது இல்லை. கையில் பிசைந்த சோறோடு, மாமியார் முன்னால், மச்சான் முன்னால், அழுதேன். விக்கி விக்கி அழுதேன்.

அவள் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே போனாள். அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது கையில் பை இருந்தது.

"இன்னும் ரெண்டு நாளு இருக்குதே" என்றேன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"அதை வூட்டுல வந்து பாருங்க" என்றாள். "சீக்கிரம் கையக் கழுவுங்க, பஸ்ஸு வந்துடும்."